மொட்டைத் தலைக்கு ஒரு தொப்பி

மே மாதம் பேரனுக்குத் திருமலையில் முதல் மொட்டை. தலைக்குச் சந்தனம் பூசிவிட்டால் வெயில் தாங்காதா?
– சித்தூர் வாசகி

பூசுங்கள், குழந்தைக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் வெயிலுக்குச் சந்தனத்தை நம்பாதீர்கள், வியர்த்தால் வழிந்துவிடும். பிறந்ததிலிருந்து முடிக்குள்ளேயே இருந்த தோல் அது, வெயில் பழகாதது. கல்யாணகட்டாவை விட்டு வெளியே வரும்போதே பருத்தித் தொப்பி தலையில் இருக்கட்டும். காதும் பிடரியும் மறைய வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத பிள்ளைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும்தான். கூடவே மொட்டை போடும் தாத்தாவை மறந்துவிடாதீர்கள். அவருக்கும் ஒரு தொப்பி வாங்குங்கள்.

கீழே திருப்பதி கொதிக்கிறது. மலைமேல் சிலுசிலுவென்று காற்று. அங்கேயும் குடை வேண்டுமா?
– புத்தூர் வாசகர்

அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். தோலைக் கெடுப்பது சூடு இல்லை, புற ஊதாக் கதிர். உயரம் ஏற ஏற அது கூடும். 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம். திருமலையின் உயரம் ஏறத்தாழ 850 மீட்டர். மெல்லிய மேகம் இருந்தாலும் பெரும்பகுதி கதிர் இறங்கிவிடும். நிழலைப் பார்த்துப் பழகுங்கள்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. நண்பகலில் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். படியேறுகிறவர்கள் விடியற்காலையில் கிளம்புங்கள்.

நான் நல்ல கறுப்பு. எனக்கெதற்குச் சன்ஸ்கிரீன்?
– நகரி வாசகி

உங்கள் நிறம் உங்களைக் காக்கிறது, உண்மை. வெள்ளைத்தோலருக்கு வருமளவு தோல் புற்றுநோய் நமக்கு வருவதில்லை. ஆனால் கன்னத்தில் மங்கு விழுந்தால் நம் தோலில் ஆழமாகப் படியும். மறைய மாதக்கணக்கு, சிலருக்கு வருடக்கணக்கு. மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமுள்ள கிரீம் நல்லது. ஒன்று மட்டும் கேளுங்கள்: இதெல்லாம் வெளுப்பதற்காக இல்லை. உங்கள் நிறத்தில் ஒரு குறையும் இல்லை.

எஸ்.பி.எஃப் 50 என்றால் 30-ஐப்போல இரண்டு பங்கு பாதுகாப்பா?
– திருப்பதி மாணவர்

இல்லை. 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98. விலையைவிட அளவு முக்கியம். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்குங்கள்; வெயிலில் நின்றால் இரண்டு மணிக்கொருமுறை மறுபடி பூசுங்கள்.

தினமும் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ். கண்ணாடியை மூடிக்கொண்டால் போதுமா?
– ஓர் ஆசிரியை

போதாது. தோலைக் கறுக்கவைக்கும் யூ.வி.ஏ கதிர் ஜன்னல் கண்ணாடி வழியாக நுழையும். இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். காலையில் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் வெயில் வலப்பக்கம்தான்.

மாங்காய் பறிக்கிறேன். கையெல்லாம் கறுத்து வெந்ததுபோல் இருக்கிறது. வெயிலா?
– பாகாலா தொழிலாளி

பெரும்பாலும் மாம்பால். காம்பை ஒடிக்கும்போது பீய்ச்சும் பால் தோலைப் பொசுக்கும், அந்த இடத்தை வெயில் இன்னும் கறுக்கவைக்கும். பட்டவுடன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முழுக்கைச் சட்டை இரண்டுக்கும் காவல். தோப்புக்காரர்களுக்கும் சொல்கிறேன்: பறிப்பை விடியலிலேயே தொடங்குங்கள், உச்சி வெயிலில் ஆட்களை நிழலில் உட்காரவையுங்கள். புண் ஒரு மாதமாகியும் ஆறாவிட்டால் திருப்பதி ருயா அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள்.