பட்டமும் பட்டறையும்

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்து இரண்டு வருடமாகிறது. எதிர்வீட்டு ஐ.டி.ஐ. பையன் வேலைக்குப் போகிறான். நான் வீட்டில் இருக்கிறேன். என் பட்டத்துக்கு மதிப்பே இல்லையா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பட்டம் கல்யாணப் பத்திரிகை மாதிரி தம்பி. மண்டபத்துக்கு வழி சொல்லும். இலையில் சோறு போடாது! அந்தப் பையன் லேத் மெஷினோடு பழகியவன். வெர்னியர் காலிப்பரைக் கொடுத்தால் சட்டென்று அளவு சொல்வான். உங்களால் முடியுமா? முடியாவிட்டால் வெட்கம் வேண்டாம், கற்றுக்கொள்ளலாம். 1961-ம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டம் 1973 திருத்தத்துக்குப் பிறகு பொறியியல் பட்டதாரிகளுக்கும் பொருந்தும். உதவித்தொகையோடு பயிற்சி கிடைக்கும். இதற்கான தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.