கோடு போட்டு இணைக்கவும்

கிள்ளானில் ஒரு டியூஷன் மையத்தில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஆங்கிலப் பயிற்சித்தாள் என் மேசையில் கிடக்கிறது. இடப்பக்கம் ஆறு மனிதர்கள், வலப்பக்கம் ஆறு உடைகள். கோடு போட்டு இணைக்க வேண்டும். டாக்டருக்கு வெள்ளைக் கோட்டு. தீயணைப்பு வீரருக்குத் தலைக்கவசம். சமையல்காரருக்குக் கோபுரம் போல் ஒரு வெள்ளைத் தொப்பி. விமானிக்குத் தங்கப்பட்டை வைத்த சட்டை. விண்வெளி வீரருக்கு விண்வெளி உடை. தபால்காரருக்குக் கம்பளிக் கோட்டும் கழுத்துத் துண்டும். எந்த ஊர்த் தபால்காரர் என்று கேட்காதீர்கள். கிள்ளான் வெயிலில் ஒருவர் கம்பளிக் கோட்டுடன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால், கடிதத்தை வாங்குவதற்கு முன் 999க்கு அழைப்பதுதான் மனிதாபிமானம்.

தாளை நிரப்பிய பெண்பிள்ளை ஆறுக்கு ஆறு வாங்கியிருக்கிறாள். ஓரத்தில் நட்சத்திர ஸ்டிக்கர். அவளுடைய அப்பா போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அம்மா ஓர் அரசுப் பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறார். தாத்தா இந்த வயதிலும் ஒரு தொழிற்சாலையில் இரவு ஜாகா, அதாவது காவலாளி. ஆக, அந்த வீட்டில் மூன்று பேர் தினமும் சீருடை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார்கள். மூவரில் ஒருவரும் தாளில் இல்லை. விண்வெளி வீரர் மட்டும் இருக்கிறார். மலேசியா இதுவரை விண்வெளிக்கு அனுப்பிய ஆள் ஒருவர்தான், அதுவும் 2007இல். அந்த ஒருவருக்குக்கூட மறக்காமல் இடம் ஒதுக்கிய நிபுணர்களுக்கு, ஒவ்வொரு பள்ளி வாசலிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஜாகா கண்ணில் படாமல் போனது காகிதப் பற்றாக்குறையால்தான் என்று நம்புவோம்.

பயிற்சித்தாள் தயாரித்த டியூஷன்காரரைத் திட்டிப் பயனில்லை. பெரிய இடத்தில் போட்ட பாதையில் அவர் நடக்கிறார், அவ்வளவுதான். நம் பிள்ளைகளின் ஆங்கிலம் ஐரோப்பிய அளவுகோலுக்கு எட்ட வேண்டும் என்று 2018இல் கல்வி அமைச்சு முதலாம், இரண்டாம் ஆண்டுகளுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் ‘சூப்பர் மைண்ட்ஸ்’ நூலை இறக்குமதி செய்தது. இடைநிலைப் பள்ளிக்கு மேக்மில்லனின் ‘பல்ஸ் 2’. உள்ளூரில் பாடநூல் எழுத ஆளில்லையா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு அளவுகோல் புரியவில்லை என்று பதில் வந்தது. அந்தச் ‘சூப்பர் மைண்ட்ஸ்’ நூலில் வரும் சிறுவர்களுக்கு ஆளுக்கொரு அபூர்வ சக்தி உண்டு. ஒருத்திக்கு, நினைத்தபோது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும் சக்தி. நம் பள்ளிகளில் துப்புரவு வேலை செய்யும் பெண்கள் அந்த வித்தையைக் கேம்பிரிட்ஜ் உதவி இல்லாமலே கற்றுத் தேறியிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவைச் சொல்கிறேன். ஒரே பள்ளியில், ஒரே மாடிப்படியை, ஒரே கழிவறையைப் பல காலமாகக் கழுவுகிறார். அவரிடம் மூன்று நிறத்தில் சட்டைகள் இருக்கின்றன. நீலச் சட்டையின் முதுகில் ஒரு நிறுவனத்தின் பெயர், மெரூன் சட்டையில் வேறொன்று, இப்போது போட்டிருக்கும் பச்சையில் இன்னொன்று. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை குத்தகை முடியும். புதுக் குத்தகைக்காரர் வருவார், புதுச் சட்டை தருவார். பழைய சட்டையை அக்கா இரண்டாகக் கிழித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்வார். துணி நல்ல துணி, தண்ணீர் உறிஞ்சும் என்கிறார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நமது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது: ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் விடுப்பு, இரண்டிலிருந்து ஐந்தாண்டு வரை 12 நாள், ஐந்தாண்டுக்கு மேல் 16 நாள். அக்கா 12ஐத் தொடும் நேரத்தில் சட்டை மாறிவிடும். சட்டை மாறியதும் அவர் நேற்றுச் சேர்ந்தவர். மறுபடி 8. பள்ளிக்கூடம் மாறவில்லை, தலைமையாசிரியர் அறை இருக்கும் இடம் மாறவில்லை, அடைத்துக்கொள்ளும் கழிவறைகூட அதே கழிவறைதான். ஆனாலும் சட்டப்படி அவர் புதியவர். 16 நாள் என்பது அவருக்கு விண்வெளிப் பயணம். சம்பளமும் அப்படியே. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அரசாங்கம் அதை உயர்த்தும்போது மட்டும் அக்காவின் சம்பளம் உயரும். அனுபவம் என்று ஒன்று இருக்கிறதாமே, அதற்கு ஒரு காசு கிடையாது. சம்பளத்தில் இபிஎஃப் என்ற சேமநிதியைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடும் குத்தகைக்காரர்கள் பற்றி மலேசிய சோசலிசக் கட்சியும் குத்தகைத் தொழிலாளர் அமைப்புகளும் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கின்றன. அரசாங்கம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கேட்பதற்கென்றே அது ஒரு குழு அமைத்தாலும் ஆச்சரியமில்லை. குழுவின் அறையைத் துடைக்கவும் ஒரு குத்தகை விடலாம்.

1983இல் பிரதமர் மகாதீர் தொடங்கிவைத்த தனியார்மயம் நெடுஞ்சாலை, மின்சாரம், தொலைபேசி என்று பெரிய பெரிய இடமெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் பள்ளிக் கழிவறை வரை வந்து சேர்ந்தது. மேலே இருந்தவர்களுக்குச் சலுகை உரிமம் கிடைத்தது. அக்காவுக்குக் கிடைத்தது மூன்று நிறச் சட்டை.

இந்தப் பின்னணியில்தான் நம் பள்ளிகளில் தொழில் தினம் கொண்டாடுகிறோம். பிள்ளைகள் தங்கள் எதிர்கால வேலையின் உடையில் வர வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அந்த வாரம் உடை வாடகைக்குக் கொடுப்பவர்கள் காட்டில் மழை. வெள்ளைக் கோட்டுக்கு அடிதடி. ஸ்டெதஸ்கோப் பிளாஸ்டிக்கில் தனியாகக் கிடைக்கும். காலையில் பார்த்தால் வகுப்பில் பதினைந்து டாக்டர், பத்துப் போலீஸ், நான்கைந்து விமானி. ஒரு நோயாளிகூட இல்லை. விழா முடிந்து குட்டி டாக்டர்கள் நாசி லெமாக் பொட்டலத்தை விட்டெறிந்துவிட்டுப் போன மண்டபத்தைப் பச்சைச் சட்டை வந்து கூட்டும். அவரும் ஒரு குட்டி டாக்டரின் தாயாக இருக்கலாம். அந்தக் கோட்டின் வாடகையைக் கட்டியவராகவும் இருக்கலாம்.

அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிரந்தர வேலை என்றால் டாக்டர் வேலைதான் என்று நம்பிப் பிள்ளையை மாட்டைப் போல உழைக்கவைத்த பெற்றோர் கவனிக்க வேண்டும். 2016 கடைசியிலிருந்து அரசு மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் டாக்டர்களையும் குத்தகையில்தான் எடுத்தார்கள். 2021 ஜூலை 26, கோவிட் உச்சத்தில் இருந்தபோது, கோலாலம்பூர் மருத்துவமனையிலும் சுங்கை பூலோவிலும் அந்த இளம் டாக்டர்கள் கறுப்பு உடையில் வெளியே வந்து நின்றார்கள். ஒப்பந்த டாக்டர்களின் ஹர்த்தால் அது. பயிற்சித்தாள் போடுபவர்கள் அந்தப் படத்தையும் சேர்க்கட்டும்: டாக்டர், கோடு, கறுப்புச் சட்டை. சரியான விடைதான்.

ஆங்கிலத்துக்கும் உடைக்கும் இங்கே உள்ள உறவு வெள்ளைக்காரன் தைத்துக் கொடுத்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் நிறைந்திருந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்து வந்தவருக்குக் கிராணி (எழுத்தர்) வேலையும் ஸ்டேஷன் மாஸ்டர் வேலையும் வெள்ளைக் கால்சட்டையும் கிடைத்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்து தோட்டத்து லயத்தில் இறங்கியவருக்கு ரப்பர்ப் பால் வாளி. அவர் பிள்ளைக்குத் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு பள்ளிக்கூடம், அதில் கொஞ்சம் தமிழ், கொஞ்சம் கணக்கு. ஆங்கிலம் கொடுத்தால் பால் வெட்ட யார் போவது? துரைக்கு அது தெரியும். நம்முடைய கிராணிகளுக்கும் அது நன்றாகவே தெரியும். அந்த வெள்ளைக் கால்சட்டையின் திமிரைப் பற்றித் தோட்டத்துப் பாட்டிகளிடம் கேட்டால் துரையைவிடக் கிராணியைத்தான் அதிகம் ஏசுவார்கள்.

இதையெல்லாம் பொறுக்க முடியாமல்தான் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் கோரிக்கைகளை வைத்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் கை நீட்டுவது நிற்க வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான படிப்பு வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம். தொழிலாளர்கள் காந்தி குல்லாய் போட்டுக்கொண்டு நடந்ததே துரைமார்களுக்குக் குமட்டியது. ஒரு வெள்ளைத் துணித் தொப்பி! மே மாதம் நாதனைப் பிடித்து நாடுகடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை போட்டார்கள். பட்டாளம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். கூலிக்காரன் தலையில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்பதைத் துப்பாக்கி தீர்மானித்தது இதே கிள்ளானில்தான். எந்த ஆண்டுப் பாடத்திலும் இந்த உடைக்குக் கோடு போடச் சொல்லவில்லை.

நம் அரசாங்கத்துக்கு உடையில் அக்கறை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2015இல் வாங்சா மாஜு சாலைப் போக்குவரத்துத் துறை (ஜேபிஜே) அலுவலகத்துக்குப் போன ஒரு பெண்ணின் பாவாடை குட்டையாக இருப்பதாகச் சொல்லி, இடுப்பில் சாரோங் கட்டிவிட்டுத்தான் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். முகப்பில் தயாராகச் சாரோங் வைத்திருந்த நிர்வாகத் திறமையைப் பாருங்கள். அதே திறமை ரப்பர் கையுறை வாங்குவதில் எங்கே போகிறது? 2020 ஜூன் 2ஆம் தேதி ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு வெளியே, துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தினர் பதாகை பிடித்து நின்றார்கள். கொரோனா வார்டைத் துடைப்பவர்களுக்கு முறையான பாதுகாப்பு உடை இல்லை என்பதும் அவர்களுடைய குறைகளில் ஒன்று. வந்தது கையுறை அல்ல, போலீஸ். சங்கத்தின் எம். சரஸ்வதி உட்பட ஐந்து பேரைக் கைது செய்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். உலகத்துக்கே ரப்பர் கையுறை விற்கும் நாடு இது. தொழிற்சாலைகள் கிள்ளானிலும் மேருவிலும் இருக்கின்றன, ஒரு லோரி நிரப்பி அனுப்பியிருக்கலாம்.

“பிள்ளை பெரிதாகக் கனவு காணட்டுமே, எதற்குத் துடைப்பத்தைக் காட்ட வேண்டும்?” என்று டை கட்டிய ஓர் அன்பர் என்னிடம் கேட்டார். ஐயா, கனவு காணட்டும், யார் தடுத்தது? துடைப்பத்தை நீங்கள் மறைத்ததால் அது அந்தப் பயிற்சித்தாள் சிறுமியின் வீட்டிலிருந்து போய்விடவில்லை. வாய்மொழிப் பயிற்சியில் அந்தப் பெண்பிள்ளை எழுந்து நின்று, என் அம்மா தாதி, வெள்ளை உடை போடுவார் என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னாள். உச்சரிப்பு பிரமாதம். வகுப்பு கைதட்டியது. எட்டு வயதில் பெற்ற தாயை மாற்றிச் சொல்ல அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்களுக்குத்தான் அந்தக் கைதட்டல் போய்ச் சேர வேண்டும். கற்றுக்கொடுத்த டீச்சருக்கு அவள் அம்மாவின் பெயர் தெரியாது. அம்மா கூட்டும் பள்ளிக்கூடத்துக்கும் தெரியாது, ஏனென்றால் சம்பளப் பட்டியல் குத்தகைக்காரரிடம் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்கும் ரோஜா நிறச் சட்டைகளையும் பச்சைச் சட்டைகளையும் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்காமலே அடையாளம் காண்கிறார்கள். சாப்பாடு கொண்டுவரும் அண்ணன்கள். அவர்களைத் தொழிலாளர் என்று சொல்லாமல் பங்காளி என்றார்கள் நிறுவனத்தார். லாபத்தில் பங்கில்லாத பங்காளிகள். 2025 ஆகஸ்டில்தான் மக்களவை அவர்களுக்கென்று ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நாடாளுமன்றத்துக்கே தாமதமாகத் தெரிந்த வேலை, பயிற்சித்தாளுக்கு எப்போது தெரியுமோ.

ஆங்கிலம் கற்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. நன்றாகக் கற்கட்டும். சம்பளச் சீட்டு, விடுப்பு, குத்தகை, பாக்கி, சங்கம் என்ற சொற்களையும் சேர்த்துக் கற்கட்டும். அவை எதற்கும் உயரமான தொப்பி தேவையில்லை.

பெற்றோரே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் விளையாட்டுப் போட்டிக்கு டி-ஷர்ட் என்ன நிறம் என்று அரை மணி நேரம் பேசுவீர்கள். பேசுங்கள். அதற்கு முன் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். நம் பள்ளியைக் கூட்டும் பெண்களுக்கும் ஜாகாவுக்கும் இந்த மாத இபிஎஃப், சொக்சோ கட்டப்பட்டிருக்கிறதா? கையுறையும் காலணியும் யார் காசில் வாங்கினார்கள்? குத்தகை எந்தத் தேதியில் முடிகிறது, முடிந்தால் இவர்களே தொடர்வார்களா? தலைமையாசிரியர் தனக்குத் தெரியாது என்பார், அது உண்மையாகவும் இருக்கலாம். அந்தப் பதிலைக் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதச் சொல்லுங்கள், ஒரு நகலைப் புத்ராஜெயாவில் கல்வி அமைச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகும்போது அந்த அக்காவின் கைப்பேசியில் இபிஎஃப் செயலியைத் திறந்து, கடைசியாகப் பணம் விழுந்த மாதம் எது என்று அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.