நடைபாதையில் சாகவிருப்போர் கவனத்திற்கு

மாநகர எல்லைக்குள் கூரையின்றி வாழ்ந்து, கூரையின்றியே சாகவிருக்கும் பொதுமக்கள் கீழ்க்கண்ட நடைமுறைகளைத் தவறாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

முதலில் நல்ல செய்தி. கண்ணியமாகச் சாவது உங்கள் அடிப்படை உரிமை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-இல் நடைமுறையையும் எளிதாக்கிவிட்டது. வெண்டிலேட்டர் வேண்டாமென்று எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கி, குடும்ப மருத்துவரிடம் ஒரு நகல் கொடுத்தால் போதும். பக்கத்தில் படுத்திருக்கும் நாய் சாட்சியாகாது. மற்றபடி, உங்களுக்கு வெண்டிலேட்டர் மாட்டிவிடுவார்களோ என்ற பயமே வேண்டாம்.

புற்றுநோய் வலி பொறுக்கவில்லையா? தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வருகிறது. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு வலி நிவாரண ஆதரவு சிகிச்சை வீட்டு வாசலிலேயே. நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: ஒரு வாசல் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியாஸ்பத்திரிக்குப் போனால், "கூட யாரு வந்திருக்கா?" என்பார்கள். மலம் அள்ள, எக்ஸ்ரேவுக்குத் தள்ளிப்போக ஆள் வேண்டுமல்லவா? ஆள் இருந்தால் நான் ஏன் பிளாட்பாரத்தில் கிடக்கிறேன் என்று எதிர்த்துக் கேட்காதீர்கள். காப்பகமா? லட்சம் பேருக்கு ஒன்று என்று 2010-இல் உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. ஆனால் பல இடங்களில் எழுந்து நடமாடுகிறவருக்குத்தான் பாய்.

ஆகவே சீக்கிரம் செத்துவிடுவதே உத்தமம். அந்த நிமிடம் முதல் நீங்கள் அரசின் செல்லப்பிள்ளை. கான்ஸ்டபிள் வருவார், வண்டி வரும், குளிரூட்டிய அறை கிடைக்கும், உங்களுக்கென்றே ஓர் எண்ணும் தருவார்கள். உயிரோடிருந்தபோது நாடி பிடித்துப் பார்க்க ஆளில்லாத உடம்பின் ஈரலை எடுத்து எடைபோடுவார்கள். அறுக்க அவசியமில்லாமல் போய், உடலைக் கேட்டு யாரும் வராவிட்டால், மருத்துவக் கல்லூரியில் பிள்ளைகள் மாதக்கணக்கில் உங்களைச் சூழ்ந்து நின்று படிப்பார்கள். வீடற்றவரைக் கண்ணியமாக அடக்கம் செய்யவேண்டும் என்பது 2002-லேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. குழிக்குப் பிறகு எட்டு வருஷம் கழித்துத்தான் கூரைக்கு உத்தரவு.

ஒரு கட்டில், துடைத்துவிட ஒரு கை, வலிக்கு மார்பின் மாத்திரை. இந்த மூன்றுக்கும் வழியில்லை என்று கைவிரிக்கிற ஊர், பிணத்துக்கு மட்டும் வண்டி அனுப்புவது இரக்கத்தினால் அல்ல. நாறும் என்பதனால்.

குறையிருந்தால் முன்கூட்டியே மனுக் கொடுத்து அலுவலர்களின் நேரத்தை வீணாக்க வேண்டாம். நீங்கள் செத்ததும் எப்படிச் செத்தீர்கள் என்று விசாரிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 194. எப்படிக் கிடந்தீர்கள் என்று விசாரிக்கப் பிரிவு எதுவும் இல்லை.