லண்டன் சித்தப்பா

ஆடி பிறந்து நல்லூரில் கொடியேறுகிற நாள் நெருங்க நெருங்க, கிளிநொச்சியில் ஏதாவதொரு வீட்டுப் பின்வளவில் சீமெந்து குழைக்கிற சத்தம் கேட்கும். கொமட் பூட்டுகிறார்கள். அந்த வீட்டுக்கு லண்டன் சித்தப்பா வருகிறார் என்று ஊர் விளங்கிக்கொள்ளும்.

சில வீடுகளில் இவர் கனடா மாமா. விசுவமடுவில் பிரான்ஸ் பெரியப்பாவாகவும் வவுனியாவில் ஜேர்மன் மச்சானாகவும் இருப்பார். நாடுதான் வேறு, ஆள் ஒன்றே. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். முழங்காலுக்குக் கீழே நிற்கிற காற்சட்டை, அதில் எண்ணி முடியாத பொக்கற்றுகள். இடுப்பைச் சுற்றி ஒரு பை, அதற்குள் நாலு பாஸ்போட். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அந்தப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார். புறப்பட ஒரு மாதம் இருக்கும்போதே வட்ஸ்அப்பில் எடுப்பார்.

“எங்களுக்கெண்டு ஒண்டும் செய்யாதேங்கோ அண்ணி. சும்மா எங்கட ஊரிலை, எங்கட வீட்டிலை வந்து நிக்கப்போறம். பாத்ரூமை மட்டும் ஒருக்காப் பாருங்கோ. பிள்ளையளுக்குக் குந்தியிருந்து பழக்கமில்லை.”

அடுத்த நாள் திரும்ப எடுப்பார். “அந்தப் பக்கத்து அறைக்கு ஒரு ஏசி போட்டால் நல்லம். எனக்கில்லை. இவவுக்கு வெக்கை ஒத்துவராது.”

இந்தியன் வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குத் தந்தது ஐந்தரை இலட்சம் ரூபா. அந்தக் கணக்கில் ஏசிக்கு இடமில்லை. ஆனபடியால் சித்தப்பா அனுப்பிய காசில் பக்கவாட்டில் ஓர் அறை இறக்கினோம். பதினொரு மாதமும் அதில் நெல்மூட்டை இருக்கும். ஓகஸ்டில் மூட்டைகள் விறாந்தைக்கு வர, சித்தி உள்ளே போவார்.

கட்டுநாயக்காவில் இறங்குவது நாலு பேர். அவர்களைக் கூட்டிவரப் போவது ஒன்பது பேர். பெட்டிகளைக் கண்டதும் வான்காரர் தலையைச் சொறிவார். கடைசியில் பெட்டிகளுக்கு ஆசனமும் ஆட்களுக்குப் பெட்டிகளுக்கு இடையில் கிடைத்த இடுக்கும் என்று ஒரு உடன்பாடு வரும். புத்தளம், அனுராதபுரம் எல்லாம் சித்தப்பா நித்திரை. வவுனியா தாண்டியதும் ஆரோ தட்டி எழுப்பினது மாதிரி விழிப்பார்.

“ஓமந்தை வந்திட்டுதோ? செக் பொயின்ற் எங்கையடாப்பா?”

அந்தச் சோதனைச்சாவடி 2015இலேயே எடுபட்டுவிட்டது. சித்தப்பாவுக்கு அது பெரிய ஏமாற்றம். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு முதன்முதலாக வந்தபோது சாமான் முழுவதையும் இறக்கிக் காட்டி, வெயிலில் வரிசையில் நின்று, திரும்ப ஏற்றிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவென்றே லண்டனில் இருந்து கொண்டுவந்திருப்பார். இடம் இல்லாவிட்டாலும் கதையைச் சொல்வார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகன் ஒரு கேள்வி கேட்பான்: “அப்ப அந்த கியூவில வைஃபை இருந்ததா, டாட்?”

முறிகண்டியில் எந்த வாகனமும் நிற்கத்தான் வேண்டும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் வாங்கிக்கொண்டு போனால்தான் மிச்சப் பயணம். சித்தப்பாவின் முதல் நாணயமாற்று நடப்பது இந்தக் கச்சான் கடையில்தான்.

“ஒரு பை இருநூறு ரூபாவோ? ஐம்பது பென்ஸ்தானே! பத்துப் பை தாங்கோ பிள்ளை.”

ஒரு பவுண்ஸ் கிட்டத்தட்ட 400 ரூபா என்ற கணக்கு முதல் கிழமை முழுவதும் அவர் மண்டைக்குள் ஓடும். எல்லாம் மலிவு. இளநீர் மலிவு, ஓட்டோ மலிவு, சாமத்திய வீட்டுக்கு வைக்கிற காசுகூட மலிவு. இரண்டாம் கிழமை கணக்கு மெல்ல நிற்கும். மூன்றாம் கிழமை கரடிப்போக்குச் சந்தியில் நின்று ஓட்டோக்காரரோடு ஐம்பது ரூபாவுக்குச் சண்டை பிடிப்பார். “என்னப்பா பகல் கொள்ளை இது?” அந்த ஐம்பது ரூபா எத்தனை பென்ஸ் என்று நாங்கள் ஞாபகப்படுத்துவதில்லை. ஆள் ஊர்க்காரராக மாறிவிட்டார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

வந்து இறங்கிய அன்று பின்னேரம் பெட்டி திறப்பு. சுற்றிவர இருபது பேர் இருந்தாலும் ஒருவரும் பெட்டியைப் பார்க்காத மாதிரி முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிழவிகளுக்குக் கோடாலித் தைலம். இளந்தாரிகளுக்கு பாடி ஸ்பிரே. எல்லாருக்கும் சொக்லேற், வன்னி வெயிலில் உருகி, ஒட்டி, திரும்ப இறுகி, எந்த மூலை எந்த மூலையென்று தெரியாத உருவத்தில். சப்பாத்து எப்போதும் ஒரு சைஸ் பெரிது. “வளருவான்தானே” என்பார் சித்தப்பா. சப்பாத்து வாங்குகிற மருமகனுக்கு வயது முப்பத்திரண்டு.

அடுத்த நாள் தொடக்கம் அயலட்டை வரும். எல்லாரும் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்பார்கள்: “எப்ப வந்தனீங்கள்? எப்ப போறியள்?” சித்தி முதல் தடவை திகைத்துப் போனார், வந்த உடனேயே போகச் சொல்கிறார்களோ என்று. போகிற திகதி தெரிந்தால்தானே எந்தக் கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது, எந்தத் திகதிக்கு முன்னம் மிளகாய் இடித்துக் கொடுப்பது என்று தீர்மானிக்கலாம்?

இனித்தான் முக்கியமான விஷயம். சித்தப்பா போனது 1990இல். அவர் திரும்பி வர விரும்புவதும் அந்த 1990க்குத்தான். ஆனால் கொமட்டோடு.

“அண்ணி, எனக்கு லண்டன் சாப்பாடு ஒண்டும் வேண்டாம். மண்சட்டியிலை வைச்ச குளத்துமீன் குழம்பு, குரக்கன் பிட்டு, காலமை பழஞ்சோறு. இவ்வளவும் போதும்.”

எங்கள் வீட்டில் குரக்கன் பிட்டு அவித்து எத்தனையோ வருடம். காலையில் பாண், அவசரமென்றால் நூடில்ஸ். சோறு ரைஸ் குக்கரில். மீன்குழம்பு அலுமினியச் சட்டியில், காஸ் அடுப்பில். ஆனபடியால் சித்தப்பா வர முதல் அம்மா வீட்டை ஒருதரம் பின்னோக்கி ஓட்டுவார். காஸ் அடுப்பு மூலைக்குப் போய்ச் சேலைத்துண்டு போர்த்திக்கொள்ளும். ரைஸ் குக்கர் அலுமாரிக்குள் ஒளியும். சந்தையில் மண்சட்டி வாங்கி, பழைய சட்டியென்று தோன்றும்வரை கழுநீர் விட்டுப் பழக்குவோம். பின்வளவில் மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டுவோம். தம்பியின் வேலை அம்மி கழுவுவது. அந்த அம்மியில் அரைப்பது கிடையாது, ஈரமாக இருந்தால் போதும்.

சித்தப்பா புகைக்குள் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டு மூச்சை இழுப்பார். “ஆ! இதுதான் வாசம். இப்பவும் ஒவ்வொரு நாளும் உதுதானே சமைக்கிறனீங்கள்?”

“வேற என்ன தம்பி?” என்பார் அம்மா, இருமிக்கொண்டு.

பிறகு கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். “பார், இது அமிர்தம். உலகத்திலை எங்கையும் இல்லாத தண்ணி.” சொல்லிவிட்டு அமிர்தத்தைத் தேசிக்காய் மரத்தடியில் ஊற்றுவார். குடிப்பதற்கு வேறு ஏற்பாடு. போத்தல் தண்ணீர் கேஸ் கேஸாக விறாந்தையில், நெல்மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். இரவு ஊறப்போட்ட பழஞ்சோற்றை விடிய எடுத்து, வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு, மூடி திருகித் திறந்த போத்தல் தண்ணீரை விட்டு அவர் பிசைகிறபோது பார்க்க வேண்டும். அந்தச் சோற்றை இரவு ஊறப்போட்டது எந்தத் தண்ணீரில் என்று அவர் கேட்டதில்லை. அம்மாவும் சொன்னதில்லை.

பிள்ளைகள் பழஞ்சோற்றை ஒருதரம் பார்த்துவிட்டு கே.எப்.சி கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, போகவர ஒரு பகல். மூத்த மருமகன் வானோடு தயாராக நிற்பான். அவனுக்கும் குரக்கன் பிட்டில் இருந்து தப்ப வேண்டுமே.

குடும்பச் சுற்றுலா தனி அத்தியாயம். சித்தப்பாவின் திட்டப்படி நாலு நாளில் மடு, திருக்கோணேஸ்வரம், சிகிரியா, கண்டி, எல்ல, கதிர்காமம். வானுக்குள் பதினான்கு பேரும் ஒரு பானை புளிச்சாதமும். சிகிரியாவில் வெளிநாட்டுக்காரருக்கு நுழைவுச்சீட்டு ஆளுக்கு 30 டொலருக்கு மேல். உள்நாட்டுக்காரருக்குச் சொற்ப ரூபா. சித்தப்பா முதல்நாள் இரவே கட்டளை போட்டுவிட்டார்: ஒருவரும் வாய் திறக்கக்கூடாது, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, இடுப்புப் பை எல்லாம் வானுக்குள்.

சீட்டு வாங்குமிடத்தில் தன் பழைய அடையாள அட்டையை நீட்டினார். ஒன்பது இலக்கம், கடைசியில் V. படத்தில் நெற்றியை மூடின சுருட்டை முடியும் கட்டை மீசையுமாக ஓர் இளந்தாரி. உள்ளே இருந்தவர் படத்தைப் பார்த்தார். சித்தப்பாவின் வழுக்கையைப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். சித்தப்பா தன்னை மறந்து, “சொறி?” என்றார், சுத்தமான லண்டன் உச்சரிப்பில். அதே நேரம் மகள் எட்டிப் பார்த்து, “டாட், ஹூ இஸ் தற்?” என்று படத்தைத் தொட்டுக் கேட்டாள். உள்ளே இருந்தவர் சிரித்தே விட்டார். நாலு வெளிநாட்டுச் சீட்டும் வந்தது.

“சட்டமெண்டால் சட்டம்தான்,” என்றார் சித்தப்பா கம்பீரமாக. ஆயிரத்து இருநூறு படியில் பாதிகூட ஏறவில்லை. நிழலில் குந்தியிருந்து டொலரை ரூபாவாக்கி, ரூபாவைப் பவுண்ஸாக்கி, எந்தப் பக்கம் சுற்றினாலும் குறையாத அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாட்டைத் திருத்துகிற வேலையும் உண்டு. வந்த புதிதில் வானின் பின்சீற்றில் இருப்பவரும் பெல்ற் போட வேண்டும். வெற்றிலை துப்பக்கூடாது. வங்கியில் வரிசை ஒழுங்காக நிற்க வேண்டும். “எங்கட லண்டனிலை எண்டால்…” என்று தொடங்கினால் பெரியவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். பத்தாம் நாள் பார்த்தால், மருமகனின் மோட்டார்சைக்கிளில் சாரத்தோடு, முன்னால் ஒரு பிள்ளை பின்னால் ஒரு பிள்ளை, தலைக்கவசத்தைக் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு இரணைமடு வாய்க்காலுக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருப்பார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றதையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து மெனிக்பாம் முகாமுக்கு வந்தபோது எங்களிடம் இருந்தது உடுத்த உடுப்பும் இந்தச் சித்தப்பாவின் தொலைபேசி இலக்கமும்தான். காணி உறுதி போய்விட்டது, அடையாள அட்டைகள் போய்விட்டன. அம்மாவுக்கு அந்த இலக்கம் பாடம். முகாமில் இருந்து அழைத்தபோது அவர் இரவு வேலையில் நின்றார், ஒரு பெற்றோல் ஸ்ரேசனில். இன்றைக்கும் அங்கேதான். ஓகஸ்டில் கிளிநொச்சிக்கு ராசா, மிச்சக் காலம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சிகரெட்டும் சில்லறையும் எடுத்துக் கொடுக்கிறவர். விடியப்புறம் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர் நினைத்துக்கொண்டிருப்பது மண்சட்டியையும் குளத்துமீனையும் என்றால், அதைப் பொய்யாக்க எங்களுக்கு மனம் வராது. எங்களுக்குச் செலவு ஒரு சட்டியும் கொஞ்சப் புகையும்.

போகிற கிழமை வீடு ஆலையாகிவிடும். ஆளுக்கு 30 கிலோ, நாலு பேருக்கு 120. வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல்மா, மோர்மிளகாய், நல்லெண்ணெய், முல்லைத்தீவுக் கருவாடு. கருவாட்டுக்குப் பிளாஸ்ரிக் உறை, அதன்மேல் பத்திரிகை, அதன்மேல் ரேப், அதன்மேல் சித்தியின் பழைய சேலை. அப்படியும் மணக்கும். தராசைக் கொழுவிப் பெட்டியைத் தூக்கினால் நாலு கிலோ கூட. எதை எடுப்பது? மிளகாய்த்தூளில் கை வைக்க சித்தி விடமாட்டார். ஒடியல்மாவில் கை வைக்க சித்தப்பா விடமாட்டார். கடைசியில் அவருடைய சேட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். வரும்போது உடுப்போடு வந்த மனிதர், போகும்போது மிளகாய்த்தூளோடு போவார். அவருடைய பொக்கற் நிறைந்த காற்சட்டைகளில் ஊர் இளந்தாரிகள் தைப்பொங்கல்வரை திரிவார்கள்.

வானில் ஏறுமுன் மூத்த மருமகன் மெல்லக் கிட்டப் போவான். கே.எப்.சிக்கு ஓடினவனும் அவன்தான், அம்மி நாடகத்தைக் கண்டு வாயைப் பொத்திச் சிரித்தவனும் அவன்தான்.

“மாமா, உங்கால ஒரு வேலை விசா, ஸ்ருடன்ற் விசா ஏதும்…”

சித்தப்பா அவனை மேலும் கீழும் பார்ப்பார். “உனக்கென்ன விசரேடா? இப்பிடி ஒரு சொர்க்கத்தை விட்டிட்டு ஆரும் வருவினமோ?” சொல்லிவிட்டு இடுப்புப் பையைத் தடவி, பாஸ்போட் இருக்கிறதா என்று பார்ப்பார்.

அன்று மத்தியானமே காஸ் அடுப்பு தன் இடத்துக்கு வந்துவிடும். இரவு எல்லாரும் நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுவிசில் இருந்து அம்மாவின் தம்பி எடுப்பார். டிசம்பரில் வருகிறாராம். அவருக்கு மண்சட்டி தேவையில்லை, ஆள் சைவமாகி மூன்று வருடம். அவருக்கு மழை பார்க்க வேண்டும். இரணைமடு 36 அடிக்கு நிறைந்து வான்கதவு திறக்கிறதை மகனுக்குக் காட்ட வேண்டும்.

“இருபதாம் திகதி நாங்கள் அங்க நிப்பம். அண்டைக்குத் திறப்பினமோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லடா மருமோன்.”

கதவு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில், மழை கடவுளின் கையில் என்று விளக்கத் தொடங்கினேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“திறப்பினம் எண்டு சொல்லு. அவன் ரிக்கற்றைப் போடட்டும்.”