கடலுக்கு முதுகைக் காட்டு, பேராண்டி!

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில ஒக்காரு. ஒங்க ஆயா எல்லாத்தையும் சொல்லிட்டா. கல்யாணம் ஆகி முதல் தடவையா பொண்டாட்டியத் தீவுக்குக் கூட்டிக்கிட்டுப் போறியாமே. வெள்ளை மணல், தென்னை நிழல், ஊஞ்சப் படுக்கை, கைக்கெட்டுற தூரத்துல எளநி. கேக்கவே வயித்துல பாலை வார்த்தாப்ல இருக்கு. அந்தப் பொண்ணு தொப்பிகூட வாங்கிடுச்சாம். ஆனா பெட்டியோட சேத்து ஒரு நீட்டக் குழாயைக் கட்டி வெச்சிருக்கியே, அது என்னன்னு அவ கேட்டதுக்குக் குடைன்னியாமே? நாலு துண்டைச் சொருகினா ஒம்பது அடி நீளுற குடை! நல்லா இருக்குடா ஒன் மழைக்காலம்.

எனக்கு அது என்னன்னு தெரியாதுன்னு நெனைக்காத. பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காரங்க கடல் உயிரியல் மையம் வெச்சிருக்காங்க இல்ல, அங்க படிக்க வந்த புள்ளைங்கள வெள்ளாத்துல படகேத்திக்கிட்டுப் போயே என் காலம் போச்சு. அவங்க படிச்சதுல பாதி படகோட்டிக்கும் ஒட்டிக்கிச்சு. ஒன்னோடது ஃப்ளை ஃபிஷிங். நம்மூர்த் தூண்டில்ல ஈயக்குண்டோட கனம் முள்ளை இழுத்துக்கிட்டுப் போகும். ஒன்னோட முள்ளுக்குக் கனமே கிடையாது. கொஞ்சம் கோழி இறகு, ஆட்டு மயிர், மினுக்கலுக்கு ஜிகினா, அவ்வளவுதான். கனமெல்லாம் நூலுல. அதைப் பின்னால ஒரு வீச்சு, முன்னால ஒரு வீச்சுன்னு காத்துல நீட்டி நீட்டி, கடைசியில தண்ணிமேல பூப்போல எறக்கணும். தூரத்துலேர்ந்து பாத்தா மாடே இல்லாம சாட்டையச் சொழட்டிக்கிட்டு நிக்கிறவன் தெரியும். பைத்தியம்னு எவனாவது சொன்னா கோவிச்சுக்காத, விவரம் தெரியாதவன்.

இதுக்குன்னே சோறு போடுற தீவெல்லாம் ஒலகத்துல இருக்கு. பஹாமாஸ்ல ஆண்ட்ரோஸ், சீஷெல்ஸ்ல அல்ஃபோன்ஸ், பசிபிக்குல கிரிபாட்டியோட கிறிஸ்துமஸ் தீவு. முழங்கால் தண்ணியில மேயுற மீனைக் கண்ணால பாத்து, அது மூஞ்சிக்கு முன்னால முள்ளைப் போடுவானாம். அவ்வளவு தூரம் போகாம அந்தமானுக்குப் போயி, ஆளு ஒசரப் பாரையைப் பிடிச்சு, படம் எடுத்துக்கிட்டு, திருப்பித் தண்ணியில விட்டுட்டு வர்றவங்களும் உண்டு. போ, ஒன் காசு. நான் யாரு தடுக்க? ஆனா பொண்டாட்டிய விமானத்துல ஏத்திக் கொண்டுபோய் ஒரு தீவுல ஒக்கார வெச்சிட்டு, விடிஞ்சதும் கோலைத் தூக்கிக்கிட்டு அரை மைல் தள்ளிப்போய் நின்னீன்னா, திரும்பி வர்ற டிக்கெட்ல ஒன் பேரு இருக்குமான்னு மட்டும் பாத்துக்க. அங்க போய் கோட்டை விடறதுக்கு முன்னால இங்க ஒரு ஒத்திகை பாரு. செலவு கம்மி. கோவிச்சுக்கிட்டா அந்தப் பொண்ணு விருத்தாசலத்துக்கு பஸ் பிடிச்சு அம்மா வீட்டுக்கே போயிடலாம்.

மொதல்ல வீசக் கத்துக்க. அதுக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போ. வீசுறதுக்குன்னே பேர் போன எடம் அது. 1690-ல இங்கிலீஷ் கம்பெனி மராட்டியர்கிட்டேர்ந்து அங்க இருந்த கோட்டைய வாங்கிச்சு. அப்ப மெட்ராஸ்ல தொரை எலிகு யேல். அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டிக்குப் பேரு குடுத்த அதே ஆளு. கோட்டையோட சேத்து எவ்வளவு நெலம்னு கேட்டதுக்கு, பீரங்கிக் குண்டு போய் விழுற தூரம் வரைக்கும்னு பேச்சு. விடுவானா? இருக்கறதுலயே பெரிய பீரங்கியாப் பாத்துக் கொண்டாந்து நாலா பக்கமும் சுட்டான். உள்ள மாட்டுன ஊருக்கெல்லாம் குண்டு கிராமம்னு பேரே வந்துடுச்சு. செயின்ட் டேவிட் கோட்டை இப்ப இடிஞ்சு கெடக்கு, போனா பாரு. அன்னிக்கு அவன் குண்டை வீசி ஊரைப் பிடிச்சான். நீ வீசுற நூலு அறுபது அடி போகுமா? அந்தக் கணக்குல ஒனக்குக் கொட்டாய் போடக்கூட நெலம் தேறாது.

அங்க நின்னு வீசறப்ப காதைப் பாத்துக்க. விளையாட்டுக்குச் சொல்லல. நம்ம கரை கெழக்கப் பாத்தது. நீ சோத்தாங்கைக்காரன். கடலைப் பாத்து நின்னா தெக்குத் தெச ஒன் வலது தோளுக்கு நேரா வரும். பங்குனி பொறந்து சோழகக் காத்து எறங்கிட்டா, வர்ற நூலை அப்படியே ஒன் தலைப்பக்கம் தள்ளும். மீனுக்குப் போட்ட முள்ளு காதுமடல்ல வந்து ஒக்காரும். கொழுந்தியாளுக்குத்தான் கம்மல் வாங்கித் தரல, ஒனக்கு எதுக்குடா? முள்ளுல எதிர்வாட்டுல ஒரு கொக்கி இருக்கும் பாரு, அதைக் குறட்டால அமுக்கித் தட்டையாக்கிடு. மீனையும் நோகாம கழட்டலாம், காதையும் நோகாம கழட்டலாம்.

பழகினப்புறம் பிச்சாவரம் வா. சிதம்பரத்துலேர்ந்து பதினஞ்சு கிலோமீட்டர் சொச்சம். வடக்க வெள்ளாறு, தெக்க கொள்ளிடம், நடுவுல கழி. சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு, உள்ளார அம்பதுக்கு மேல திட்டு. தீவு தீவுன்னு பறந்தியே, எண்ணிக்க. 2022-ல ராம்சர் எடம்னு ஒலக ஈரநிலப் பட்டியல்லயும் சேத்தாச்சு. ஒரு காலத்துல வெறகுக்கு முறை போட்டு வெட்டி வெட்டி இந்தக் காடு பாதி மொட்டையாக் கெடந்துச்சு. வெட்டின எடத்துல தண்ணி தேங்கி, காஞ்சு, உப்பு ஏறிப் போச்சு. அப்புறம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்ச் சனமும் சேந்து, மீன் முள்ளு வடிவத்துல வாய்க்கால் வெட்டி ஓதத் தண்ணிய உள்ள விட்டாங்க. மரம் பொழச்சுக்கிச்சு. மீனுக்கு வீடு கட்டுனதே மீன் முள்ளு வரைபடத்துலதான்.

ஆனா காட்டு வாய்க்காலுக்குள்ள கோலைத் தூக்காத. மொதக் காரணம், அது வனத்துறை காடு. கேக்காம நொழஞ்சா மாட்டிக்குவ, அப்ப தாத்தா பேரைச் சொல்லாத. ரெண்டாவது, பின்னால வீச எடமே இருக்காது. சுரபுன்னை வேரும் கெளையும் கூரை போட்டிருக்கும். ஒன் முள்ளு போயி தில்லை மரத்துல மாட்டும். மாட்டுனா நீ சும்மா இருப்பியா? ஜிகினா முள்ளு வெல அதிகம்னு கெளைய ஒடைப்ப. தில்லைப் பாலு கண்ணுல பட்டுதோ, கண்ணு எரிஞ்சு கொஞ்ச நாளைக்குப் பார்வையே போயிடும். சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே அந்த மரத்தாலதான். கோயிலைச் சுத்தி இருந்த காடு எப்பவோ போச்சு, மரத்தைப் பாக்கணும்னா இங்கதான் வரணும். தில்லைக்கு வந்து நடராசரைப் பாக்காம மரத்தைப் பாத்துக் கண்ணைக் கெடுத்துக்கிட்டான்னு ஊர் சிரிக்கும்.

நீ நிக்க வேண்டிய எடம் வேற. படகுல சின்னவாய்க்கால் பக்கம் போனா, கடலுக்கும் கழிக்கும் நடுவுல ஒரு மணல் திட்டு நீட்டிக்கிட்டுப் படுத்திருக்கும். இந்தப் பக்கம் அலை, அந்தப் பக்கம் அசையாத தண்ணி. இதுலதான் ஒன் குடும்பமே நிக்குது, நல்லாக் கேட்டுக்க. பாயை விரிச்சு அந்தப் பொண்ணைக் கடல் பாக்க ஒக்கார வை. நீ கடலுக்கு முதுகைக் காட்டிக் கழியைப் பாத்து நில்லு. இப்ப தெக்கத்திக் காத்து ஒன் இடது தோள்ல அடிக்கும், முள்ளை ஒன்னைவிட்டு வெளியில தள்ளும். கடல் காத்து முதுகுல தள்ளி நூலை ரெண்டு முழம் கூடவே கொண்டு போகும். பின்னால மரம் கிடையாது. அவளுக்குக் கடற்கரை லீவு, ஒனக்கு மீன் லீவு, நடுவுல ஒன் நூலு எட்டாத தூரம். கூப்பிட்டா காதுல விழும். விழலன்னு மட்டும் நடிக்காத.

நேரம்னு ஒண்ணு இருக்கு. ஒன் கம்பெனி லீவு நாள் கணக்குல வரும், மீனோட லீவு நெலாக் கணக்குல வரும். ஏத்தம் ரெண்டு, வத்தம் ரெண்டு ஒரு நாளைக்கு. தெனம் முக்கா மணி சொச்சம் தள்ளித் தள்ளிப் போகும். இங்க தண்ணி ஏறுறதே மூணடியத் தாண்டாது. அதனால அமாவாசை, பவுர்ணமிய ஒட்டி வந்தாத்தான் இழுப்பு இருக்கும். வத்தத்துல தண்ணி வெளியேறுறப்போ, காட்டு வாய்க்கால்ல இருக்கற இறாலும் பொடி மீனும் தானா அடிச்சுக்கிட்டு வரும். வாய்க்கால் வாயில கொடுவா காத்துக்கிட்டு இருக்கும். அங்க போடு ஒன் ஜிகினாவ. சுற்றுலாப் படகு விடறது ஆபீஸ் நேரத்துக்கு. கொடுவாவுக்கு ஆபீஸ் கிடையாது. அதனால பஞ்சாங்கத்தப் பாத்து, வத்தம் பகல்ல வர்ற நாளாப் பொறுக்கிக்க. மீதி நேரம் அவளோடது. சிதம்பரத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயி சாமி பாத்துட்டு, கத்தரிக்காய் கொத்சு வாங்கிக் குடு. சம்பா சாதமும் கொத்சும் சாப்பிட்ட பொண்ணு சாயங்காலம் வரைக்கும் சண்டை போட மாட்டா.

மாசம் மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகையில வந்தா ரெண்டு ஆத்து வெள்ளமும் கலங்கல் கரைச்சு ஊத்தும். ஒன் இறகு ஒனக்கே தெரியாது, மீனுக்கு எங்க தெரியும்? மார்கழியிலகூட நம்ப முடியாது, 2011 டிசம்பர் கடைசியில தானே புயல் வந்து கடலூரையே கவுத்துச்சே. மாசி மகம் அன்னிக்கு மட்டும் கோலை வெளியில எடுக்காத. ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வருவாரு, தர்கா பக்கத்து முஸ்லிம் சனங்களும் நின்னு மரியாதை பண்ணுவாங்க. அந்தக் கூட்டத்துல பின்னால ஒரு வீச்சு வீசுனீன்னா எவன் தலைப்பாகை வரும்னு சொல்ல முடியாது.

மடவை துள்ளுதேன்னு ஆசைப்படாத. அது சேத்தையும் பாசியையும் தின்னுற ஜாதி, ஒன் கோழி இறகை மதிக்காது. மொரான்கெண்டை மதிக்கும், மாட்டுனா தண்ணிக்கு மேல தாவித் தாவி ஒன் மானத்தை வாங்கும். செப்பிலி கடிச்ச கையோட வேருக்குள்ள பூந்துக்கும். கொடுவாவோட செவுள் மூடி கத்தி, நுனிக்குத் தடிச்ச நரம்பாக் கட்டு. மட்டி ஓடு காலைக் கிழிக்கும், செருப்பைக் கழட்டாத. திருக்கை மணல்ல பொதஞ்சு கெடக்கும், காலைத் தூக்கி வைக்காம தேச்சுத் தேச்சு நட. அந்தப் பக்கம் இருளர் சனங்க இடுப்புத் தண்ணியில எறங்கி வெறுங்கையால தடவியே இறால் பிடிப்பாங்க. பிடிச்சதை வாயில கடிச்சுத் தொங்கவிட்ட பறியில போட்டுக்குவாங்க. கோலு இல்ல, நூலு இல்ல. ஒன் சாமானோட வெலைய அவங்ககிட்டச் சொல்லித் தொலைக்காத. சிரிச்சா வாயில இருக்கற பறி விழுந்துடும்.

போற வழியில எம்.ஜி.ஆர். திட்டு வரும். 1975-ல வந்த 'இதயக்கனி'ய அந்தப் பக்கம் எடுத்தாங்க, அதுலேர்ந்து அந்தப் பேரு. அங்க ஊர் இருந்துச்சு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் இல்ல. மிஞ்சினவங்க கிள்ளைப் பக்கம் கரையேறிட்டாங்க. காட்டுக்குப் பின்னால இருந்த ஊருங்களுக்குச் சேதம் கம்மி, காட்டுக்கு முன்னால மணல்ல இருந்த ஊர் போச்சு. அந்த எடத்துல செல்ஃபி எடுக்காத. படகுக்காரர் பேசுனா கேளு, பேசலன்னா நீயும் பேசாத.

இன்னொண்ணு, அந்தப் பொண்ணு கையிலயும் கோலைக் குடுத்துப் பாரு. இதுக்குப் பலம் வேணாம், பதம் போதும். ஒன்னைவிட நல்லா வீசிடுவான்னு பயமா? வீசிடுவாதான். அப்ப நீ கடலைப் பாத்து ஒக்காந்துக்க, தொப்பி ரெடியா இருக்கு.

பிடிச்ச மீனைப் படம் எடுத்துட்டு விட்டுடணும்னு ஒரு கொள்கை வெச்சிருக்கியாமே. ஒங்க ஆயா அதைக் கேட்டுட்டு ராத்திரி சரியாத் தூங்கல. நான் அப்படி இல்லடா, படிச்சவங்களோட பழகினவன். கொடுவா பொறக்கறப்ப எல்லாம் ஆணாத்தான் இருக்கும், வருசம் போகப் போகப் பெருத்துப் பொட்டையா மாறும். அதனால பெருசா மாட்டுனா அது முட்டைக்காரி, கட்டாயம் விடு. விடறதுக்கு முன்னால கையை நனைச்சுக்க, தண்ணிக்குள்ளயே கழட்டிடு. ரெண்டு கிலோ, மூணு கிலோன்னு நடுவாந்தரமா ஒண்ணு மாட்டும் பாரு, அதையும் கொள்கைப்படி விடு, வேணாங்கல. கடையில வாங்கி வந்து நான் பிடிச்சேன்னு ஆயாகிட்டக் காட்டாத. ஐஸுல கெடந்த கண்ணு குழிஞ்சிருக்கும், அவ செவுளைத் தூக்கிப் பாத்தே எந்தத் தொறை, எத்தனை நாள்னு சொல்லிடுவா. நீ பாட்டுக்கு மெதுவா விடு, முத்தம் குடுத்துக்கூட விடு. எந்த எடத்துல, எப்ப விடுறன்னு மட்டும் ஒரு போன் அடிச்சுச் சொல்லிடு. கொஞ்சம் கீழ தள்ளி வீச்சு வலையோட ஒரு கிழவன் நின்னா, யாருன்னு திரும்பிப் பாக்காத. கொழம்பு கொதிச்சதும் ஆயா கூப்பிடுவா, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்து சேரு.