மூன்றெழுத்துப் பாண்டித்தியம்

2005 வாக்கில் எங்கள் கல்லூரி விடுதியில் அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன், பார்த்தவனுக்கு மரியாதை கிடையாது. அனிமே கோப்பின் பெயரை வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் மரியாதை. பார்ப்பதற்கு ஒரு கம்ப்யூட்டரும் விடிய விடிய விழித்திருக்கும் உடம்பும் போதும். வாசிப்பதற்குப் படிப்பு வேண்டும்.

விடுதி முழுக்க ஓடிய லேன் கம்பியில், டிசி++ என்ற மென்பொருளின் தயவில், படங்கள் அறைக்கு அறை பாய்ந்துகொண்டிருந்தன. எல்லோரும் வந்து கூடும் ஹப்பில் சேர வேண்டுமானால் நாமும் இத்தனை ஜிபி திறந்துவைக்க வேண்டும் என்று விதி. கொடுக்க ஒன்றுமில்லாதவர்கள், தாங்கள் ஒருநாளும் ஆடாத கால்பந்து விளையாட்டுகளைக் காட்டிக் கணக்கை நேர்செய்வார்கள். தேடல் பெட்டியில் ஒரு பெயரைத் தட்டினால் வந்து விழும் வரியில் படத்தின் பெயர்தான் ஆகச் சிறிய பகுதி. முன்னால் சதுர அடைப்புக்குள் ஒரு குழுவின் பெயர் நிற்கும். பின்னால் ஓவிஏ, 03, வி2, டிவிடி, 640×480, எக்ஸ்விட் என்று ஒரு பரிவாரம் வரும். கடைசியில் எண்ணும் எழுத்தும் கலந்த எட்டுக் குறிகள்.

ஹப்பை நடத்திய சீனியரை ‘ஹப்பண்ணா’ என்போம். எங்களுக்குத் தீட்சை கொடுத்தவர் அவர்தான். வி2 என்றால் முதலில் வெளியிட்டதில் சப்டைட்டில் சொதப்பி, திருத்தி மறுபடி விட்டது. ரா என்றால் சப்டைட்டிலே இல்லாத பச்சை ஜப்பான்மொழி, இறக்கினால் அது உன் பாடு. என்சிஓபி என்றால் பெயர்கள் ஓடாத தொடக்கப் பாட்டு. அந்த எட்டுக் குறிகள், கோப்பு வழியில் சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் தொகை. இதையெல்லாம் ஒரே மாலையில் கற்றுக்கொண்டோம். செமஸ்டர் பாடம் இந்த வேகத்தில் ஏறியிருந்தால் வீட்டில் கொண்டாடியிருப்பார்கள்.

ஆனால் டிவி, ஓவிஏ என்ற இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை மட்டும் அவர் வேறு மாதிரி சொன்னார். “டேய், டிவின்னா விளம்பரக்காரன் காசு. ஓவிஏன்னா கடையில போய் வாங்குறவன் காசு. காசு மாறுச்சுன்னா படமும் மாறும். அவ்ளோதான்.”

ஒரிஜினல் வீடியோ அனிமேஷன் என்பதன் சுருக்கம் ஓவிஏ. தியேட்டருக்கும் போகாமல், தொலைக்காட்சியிலும் வராமல், நேராக வீடியோ கேசட்டாகக் கடைக்கு வருவது. 1983 டிசம்பரில் வெளியான ‘டல்லோஸ்’தான் முதல் ஓவிஏ என்பார்கள். நிலாவில் சுரங்கம் தோண்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பூமியை எதிர்த்துக் கிளம்பும் கதை. இயக்கியவர்களில் ஒருவர் மமோரு ஓஷி. பிற்பாடு ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ எடுத்து உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தவர். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி, டல்லோஸில் முதலில் கடைக்கு வந்தது கதையின் இரண்டாம் பாகம் என்பது. முதல் பாகம் அடுத்த மாதம் வந்தது. தொலைக்காட்சியில் எந்த நிலைய அதிகாரியாவது இதற்குச் சம்மதித்திருப்பாரா? கேட்க ஆளில்லாத இடத்தில்தான் இப்படியெல்லாம் நடக்கும்.

கேட்க ஆளில்லை என்பதுதான் எண்பதுகளின் ஓவிஏக்களுடைய பெருமையும் கோளாறும். ஜப்பானில் காசு புழங்கிய காலம். வீட்டுக்கு வீடு வீடியோ பிளேயர் நுழைந்துகொண்டிருந்தது, தெருவுக்குத் தெரு வாடகைக் கடை. ஒரு கேசட் பத்தாயிரம் யென்னை ஒட்டி விற்றாலும் வாங்க ரசிகர் இருந்தார், கடைக்காரரும் இருந்தார். பொம்மை விற்பதற்காகக் கதை எழுத வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்குக் குழந்தைகள் பார்ப்பார்களே என்று கத்தரிக்க வேண்டாம். ஹிடெயாகி அன்னோ என்ற இளைஞர் 1988இல் ‘கன்பஸ்டர்’ எடுத்தார். ஆறு பாகம். முதல் பாகம் பள்ளிக்கூடக் கலாட்டா. கடைசிப் பாகம் ஏறக்குறைய முழுதும் கறுப்பு வெள்ளை. வண்ணத் தொலைக்காட்சி விற்கும் விளம்பரதாரரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அதே 1988இல் ‘பாட்லேபர்’ வேறொரு கணக்கைப் போட்டது. கேசட் 4,800 யென். மற்றவர்கள் விலையில் பாதி. வாடகைக்கு எடுக்கிறவரையும் சொந்தமாக வாங்கவைக்கும் விலை. அது ஓடிய ஓட்டத்தில் 1989இல் தியேட்டர் படமானது, அதே ஆண்டு தொலைக்காட்சித் தொடரானது, பிறகு மறுபடி ஓவிஏ ஆனது. எந்தப் பாட்லேபர் எந்தப் பாட்லேபருக்குப் பிந்தியது என்று விளக்க ஹப்பண்ணா ரெக்கார்டு நோட்டில் வம்சாவளிப் படமே வரைந்தார். அந்த நோட்டு செய்முறைத் தேர்வன்று காணாமல் போனது தனிக்கதை.

இன்னொரு பக்கம் ‘லெஜண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்’. 1988இலிருந்து 1997 வரை 110 பாகம். ஓவிஏ என்றாலே நாலைந்து பாகம்தான் என்று நம்பியிருந்த எங்களுக்கு அந்த ஃபோல்டரைத் திறந்ததும் தலைசுற்றியது. சந்தா கட்டினவர்களுக்குத் தபாலில் கேசட்டாகப் போன தொடர் அது. அரியணை, பாராளுமன்றம், சதி, சொற்பொழிவு, நடுநடுவே விண்வெளிப் போர், பின்னணியில் மேற்கத்திய செவ்வியல் இசை. தொலைக்காட்சியாக இருந்தால் இரண்டாம் மாதமே நிறுத்தியிருப்பார்கள். சந்தாக்காரர் நிறுத்தவிடமாட்டார்; காசைக் கட்டியாயிற்றே.

கோளாறுக்கும் உதாரணம் உண்டு. ‘பபிள்கம் கிரைசிஸ்’ 13 பாகமாகத் திட்டமிட்டு, தயாரித்த நிறுவனங்களுக்குள் தகராறு வந்து எட்டோடு நின்றது. ‘ஜயண்ட் ரோபோ’வின் ஏழு பாகம் வெளிவர 1992இலிருந்து 1998 வரை ஆயிற்று. பள்ளிச் சீருடையில் முதல் கேசட்டை வாங்கின பையன், டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற வழியில் கடைசிக் கேசட்டை வாங்கியிருப்பான்.

சிலர் இதையே ஓஏவி என்று எழுதுவார்கள். அமெரிக்க ரசிகர்கள் அப்படித்தான் பழகியிருந்தார்கள். ஜப்பானில் ஏவி என்பது பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கும் சமாச்சாரம் என்பதால் எழுத்தை இடம் மாற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். எங்கள் விடுதியில் ஓஏவி கட்சி, ஓவிஏ கட்சி என்று மெஸ்ஸில் தனித்தனி மேசையே உண்டு. இரண்டு கட்சியிலும் ஜப்பானை வரைபடத்தில் தவிர வேறெங்கும் பார்த்தவர் இல்லை.

இந்த ஞானமெல்லாம் திருட்டுச் சொத்தின் மேல் கட்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏதோ ஒரு நாட்டு மாணவர்கள் ராத்திரி கண்விழித்து மொழிபெயர்த்து, சப்டைட்டில் போட்டு, இலவசமாக விட்டவை அவை. தொடக்கத்திலேயே எச்சரிக்கை ஓடும்: ரசிகர்களுக்காக ரசிகர்கள் செய்தது, விற்காதே, வாடகைக்கு விடாதே. அந்த எச்சரிக்கையோடு சேர்த்தே அச்சுப்பதித்த டிவிடியை நான் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கினேன். விற்றவர் எச்சரிக்கையைப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன், ஆங்கிலம் திருத்தமாக இருக்கிறதே என்று பாராட்டினேன்.

தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதைப் பிடித்தது டிவி ரிப், டிவிடியிலிருந்து எடுத்தது டிவிடி ரிப். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கும் ஜூனியர்களுக்கு முட்டைக்கோஸ் காட்டப்படும். 2006இல் ஒரு காதல் தொடரின் மூன்றாம் பாகத்தில் கதாநாயகி முட்டைக்கோஸ் நறுக்குகிறாள். இலையும் இல்லை, மடிப்பும் இல்லை. பச்சை வண்ணம் பூசிய பந்து. நேரமில்லாமல் வரைந்து அனுப்பிவிட்டார்கள். ஜப்பான் ரசிகர்கள் சிரித்த சிரிப்பில் டிவிடிக்கு முட்டைக்கோஸை மறுபடி இலை இலையாக வரைந்தார்கள். அதன்பின் எந்தத் தொடரில் முட்டைக்கோஸ் வந்தாலும் ரசிகர்கள் அதைத்தான் முதலில் நிறுத்திப் பார்ப்பார்கள். ஒரு ஸ்டூடியோவின் தரத்தை அளக்க இதைவிட நியாயமான தராசு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது என் கருத்து.

திருத்திய முட்டைக்கோஸுக்காக ஒருவர் டிவிடி வாங்குவார் என்ற நம்பிக்கையில்தான் அப்போது அந்தத் தொழிலே நடந்தது. அந்த நிலை வந்த கதை இது: தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் பணக்குமிழி உடைந்தது. பிறகு அன்னோவின் ‘இவாஞ்சலியன்’ 1995இல் தொலைக்காட்சியில் வந்து பெரியவர்களையும் உட்காரவைத்தது. நள்ளிரவு நேரத்தைக் காசு கொடுத்து வாங்கி அனிமே போடலாமே என்று தயாரிப்பாளர்களுக்குத் தோன்றியது. பல நிறுவனங்கள் கூடிக் குழு அமைத்துப் பணம் போடும், நிலையம் நேரத்தை விற்கும், போட்ட பணம் வட்டில் திரும்பும். ஆக, ராத்திரி ஒன்றரை மணிக்கு ஓடிய தொடரே பிற்பாடு விற்கப்போகும் வட்டுக்கு விளம்பரம்தான். பெயர் டிவி, குணம் ஓவிஏ. ஹப்பண்ணாவின் சூத்திரத்தை இங்கே கொஞ்சம் நீட்டி முழக்க வேண்டியிருந்தது.

ஓஏடி வந்தது நான் கல்லூரியை விட்ட பிறகு. ஒரிஜினல் அனிமேஷன் டிவிடி. கோடான்ஷா பதிப்பகம் பிரபலமாக்கிய பெயர். மங்கா என்ற ஜப்பான் படக்கதைப் புத்தகத்தின் சிறப்புப் பதிப்பில் ஒரு பாகத்தை வட்டாகச் சேர்த்துக் கட்டி விற்பது. 2007இல் தொடங்கி, ‘ட்சுபாசா’வின் 21ஆம் தொகுதியிலிருந்து மூன்று தொகுதிகளோடு இப்படி மூன்று பாகம் வந்தது. முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். வட்டுக்காகப் புத்தகமா, புத்தகத்துக்காக வட்டா என்று பட்டிமன்றம் வைக்கலாம். தீபாவளி மலரோடு வந்த சாம்பிள் பாக்கெட்டுகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒன்றைச் சொல்லலாம், சாம்பிள் பாக்கெட் கதையை நகர்த்தியதில்லை. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ 12ஆம் தொகுதியோடு 2013இல் வந்த ஓஏடி, தொடரில் இல்லாத ஒரு பெண் சிப்பாயின் குறிப்பேட்டைப் பற்றியது. அதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு நல்ல அத்தியாயம் நஷ்டம்.

இப்போது வருவது ஓஎன்ஏ. ஒரிஜினல் நெட் அனிமேஷன், நேராக இணையத்துக்கு. 2018 ஜனவரியில் ‘டெவில்மேன் கிரைபேபி’ பத்துப் பாகமும் ஒரே நாளில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 2023இல் ‘புளூட்டோ’ எட்டுப் பாகம், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம். விளம்பரதாரர் இல்லை, கேசட் இல்லை, பொம்மை இல்லை, முட்டைக்கோஸைத் திருத்தி விற்க வட்டும் அவசியமில்லை. எண்பதுகளின் ஓவிஏக்காரர்கள் கனவு கண்ட சுதந்திரம். நியாயமாக நான் குதித்துக் கொண்டாடியிருக்க வேண்டும். சோபாவில் சாய்ந்து இரண்டாம் பாகத்தில் தூங்கிவிட்டேன்.

அக்கா பெண் கல்லூரியில் முதலாண்டு. மாதச் சந்தா கட்டி, சட்டப்படி, துல்லியமான படத்தில், சில தொடர்களைத் தமிழ்க் குரலிலேயே பார்க்கிறாள். அவள் சந்தா கட்டும் கிரஞ்சிரோல் 2006இல் தொடங்கியபோது அதில் ரசிகர்கள் ஏற்றிய அனுமதியில்லாத சரக்கு ஓடியதும், 2009இல் ஒரு ஜப்பான் தொலைக்காட்சி நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டு நேர்வழிக்கு வந்ததும், இன்று சோனியின் கையில் இருப்பதும் அவளுக்குத் தெரியாது. சொன்னேன். “அப்ப நீங்க மட்டும் ஏன் மாமா பணக்காரர் ஆகல?” என்றாள்.

போன வருஷம் ஒருநாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள். “மாமா, அட்டாக் ஆன் டைட்டன்ல ஓஏடின்னு ஒரு சீசன் இருக்கு. அதுல கதை முன்னாடி போகுது, பின்னாடி போகுது, செத்தவங்கல்லாம் உயிரோட வர்றாங்க. எழுதினவங்களுக்கு என்ன ஆச்சு?”

இத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டல்லோஸிலிருந்து ஆரம்பித்தேன். நிலாவைத் தாண்டி, வாடகைக் கடைகளைத் தாண்டி, பாட்லேபர் விலைக்கு வரும்போது அவள் அடுத்த பாகத்தைப் போட்டுவிட்டாள். பாதியில் நிறுத்தி ஒன்று மட்டும் கேட்டாள்: “கேசட் வாங்கினா ஒரு பாகம்தானா? மத்ததெல்லாம் லாக் ஆகி இருக்குமா?”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சந்தா ஒன்றே வழி என்று ஆன செயலியில் டிவி, ஓவிஏ, ஓஏடி எல்லாம் ஒரே வரிசைச் சதுரங்கள். மிஞ்சிப்போனால் ஸ்பெஷல் என்று ஓர் ஓரம். அனிமே தரவுத்தளங்களில் மட்டும் அந்தப் பிரிவுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அங்கேயும் பாவம், திணறுகிறார்கள். ‘டீமன் ஸ்லேயர்’ முகென் ரயில் கதை 2020இல் தியேட்டர் படம். அடுத்த ஆண்டு அதையே வெட்டி, புதுக் காட்சிகளும் ஒரு புதுப் பாகமும் சேர்த்து, ஏழு பாகமாகத் தொலைக்காட்சியில் போட்டார்கள். 2023இல் தொலைக்காட்சிப் பாகங்களைச் சேர்த்துத் தியேட்டரில் போட்டார்கள். எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஹப்பண்ணா இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். “எங்க காசு கிடைக்குதோ அங்கெல்லாம் போடுறாங்கடா, சூத்திரம் சரியாத்தான் இருக்கு” என்று பதில் வந்தது.

அதே டீமன் ஸ்லேயரின் ‘இன்ஃபினிட்டி காசில்’ 2025 செப்டம்பரில் நம்மூர்த் தியேட்டர்களுக்குத் தமிழிலும் வந்தது. மூன்று படங்களில் முதலாவது. டிக்கெட் எடுக்கும் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். போனை நீட்டி, “ஃபார்மட் எது மாமா?” என்றாள். திரையில் மொழிக்கு ஒரு வரிசை, அதன் கீழே 2டி, ஐமேக்ஸ் 2டி.

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டேன்.

“இருநூறு ரூபாய்க்கு மேல” என்றாள்.