களவெடுத்த தடியின் வேர்விடு திறன்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

உட்துறைமுக வீதி தொடக்கம் உவர்மலை வரை எல்லா வீட்டு வாசலிலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கோட்பாடு ஒன்று உண்டு: கேட்டு வாங்கிய பூக்கண்டுத் தடி பட்டுப்போகும், களவெடுத்த தடி பிடிக்கும். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிய அறிஞர்கள் பெரும்பாலும் மதிலுக்கு உட்பக்கம் நின்றவர்கள். அவர்களது நடுநிலைமை ஐயத்துக்குரியது.

முதலில் கேட்டு வாங்கும் முறை. "அக்கா, இந்தச் செவ்வரத்தையில ஒரு தடி தாறீங்களோ?" என்றதும் அக்கா கத்தி தேடி உள்ளே போவார். கத்தியோடு தேத்தண்ணியும் வரும். கொடுப்பது குறைவாக இருக்கக்கூடாதென்று மொட்டும் கொழுந்துமாகப் பார்த்து ஒரு நுனியை வெட்டுவார். அது ஸ்கூட்டர் கூடையில் சந்தை சுற்றி, வீடு வந்து, நல்ல நாளுக்காகக் காத்திருந்து, மறுநாள் மண்ணைக் காணும். ஆடி மாதக் கச்சான் காற்றில் இளந்தண்டின் நீர் அதற்குள் போய்விடும். மிச்சமிருக்கும் தெம்பை மொட்டு தின்றுவிடும்.

இனிக் களவு. கள்வர் மைமல் பொழுதில் வருகிறார், வெயில் இல்லை. பூப் பார்க்க நேரமில்லாததால் வீதிப்பக்கம் நீட்டி நிற்கும், பாதி முற்றிய, பென்சில் பருமனான கிளையே கைக்கு வருகிறது. கத்தி இல்லாததால் பக்கக்கிளையை இழுத்து முறிக்கிறார். அடியில் தாய்க்கிளையின் தோல் சிறிது ஒட்டிக்கொண்டு வருகிறது. தேர்ந்த தோட்டக்காரர் இதையே வேண்டுமென்று செய்வார்கள். பைக்குள் ஒளிக்க இடைஞ்சலான இலைகளை உருவி எறிகிறார். ஆவியாகும் நீர் குறைகிறது. அவசரத்தில் நுனியில் இரண்டு இலை தப்பிவிடுகின்றன. வேருக்குக் காரணமே அந்த இரண்டும்தான். இளம் இலையிலும் நுனியிலும் ஊறும் ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோன் கீழிறங்கி, வெட்டுவாயில் தேங்கி, வேரைக் கிளப்புகிறது. அதை 1928 இல் ஓட்ஸ் முளையிலிருந்து பிரித்துக் காட்டியவர் பிரிட்ஸ் வென்ற் என்ற ஒல்லாந்தர். 1639 இல் நம் கோட்டையைப் பிடித்த இனத்தாரிடமிருந்து உருப்படியாகக் கிடைத்தது இது என்பது என் கருத்து.

களவுப்பொருள் அன்றிரவே ஊன்றப்படுகிறது, அதுவும் உரியவர் கண்ணில் படாத பின்வளவு நிழலில். வேர்விடாத தடிக்கு வேண்டியதும் நிழல்தான். குற்றவுணர்வு வேரைத் தூண்டுவதாகத் தெரியவில்லை.

கொள்கலன் பற்றிச் சில சொற்கள். பால்மா ரின், பெயின்ற் வாளி, யோகட் கோப்பை எதுவும் ஆகும், அடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தால். கடற்கரை மணல் ஆகாது. உப்பு தடியின் நீரையே உறிஞ்சும். ஆற்றுமணலும் தும்புத்தூளும் பாதிப்பாதி போதும். ஓட்டை போடாதவரிடம் தடி அழுகும், நுளம்பு பெருகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். 2017 இல் நாடெங்கும் 186,000 பேருக்கு மேல் டெங்கு எனப் பதிவானபோது கிண்ணியா பட்ட பாட்டை அறிந்தவர்கள் அவரோடு வாதாட மாட்டார்கள். பிரெட்றிக் கோட்டை மான்களோ ஓட்டை பார்ப்பதில்லை. துளிரை மட்டும் பார்க்கின்றன. ரின்னை உயரத்தில் வைக்க.

முள்முருக்கும் கிளுவையும் கதியாலாக ஊன்றி வேலி வளர்த்த ஊருக்கு இதெல்லாம் புதிதல்ல. ஐப்பசி மழை தொடங்கியதும் ஊன்றினால் முக்கால் வேலையை வானம் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே இவ்வாய்வின் பரிந்துரை: தடி வேண்டுமென்றால் அக்காவிடம் கேளுங்கள். அவர் கத்தி எடுக்க உள்ளே போனதும் நீங்களே முறித்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போங்கள். தேத்தண்ணியை இன்னொரு நாள் குடிக்கலாம்.